சிப்பிப்பாறையிலிருந்து தக்காளிப் பெட்டியில் வந்தவள்

போன ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி. விடிந்து பட்டிப் பக்கம் போனால் 11 செம்மறிகள் செத்துக் கிடந்தன. அதில் நான்கு சினை ஆடுகள். கழுத்திலும் தொடையிலும் கடித்திருந்தன, ஒன்றைக்கூடத் தின்னவில்லை. கிளுவை வேலியில் ஓரிடத்தில் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியும். மழை விட்டதும் அடைக்கலாம் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெருநாய்களுக்கு அந்தப் பத்து நாள் போதுமானதாக இருந்தது.

வெள்ளகோவில், காங்கேயம் வட்டாரத்தில் இது புதுக் கதை அல்ல. செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து இழப்பீடு கேட்டவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லை நம்பி ஆடு வளர்க்கிற எங்களுக்கு, பட்டிதான் வங்கிக் கணக்கு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட இரண்டு ஆடு, கல்யாணச் செய்முறைக்கு ஒரு ஆடு என்றுதான் எங்கள் வரவு செலவு ஓடுகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் கெட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு ஆறு மாதம் முன்பு, சித்திரையில், ஒரு நாய்க்குட்டி வாங்கிவந்தேன். எங்கள் பழைய நாட்டு நாய் வயதாகிச் செத்துப்போயிருந்தது. வெள்ளை வெளேர் என்று, ரோஜா நிற மூக்கோடு, ராஜபாளையம் என்று சொல்லிக் கொடுத்தார் ஒரு வியாபாரி. 35 நாள் குட்டி. "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றார்; அட்டை எதுவும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒயர் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் குட்டி அழுதது. ஒண்ணுக்குப் போகட்டும் என்று குப்பைத் தொட்டி ஓரம் இறக்கிவிட்டேன். அங்கே மூன்று நான்கு தெருநாய்கள் படுத்திருந்தன. குட்டி தரையை மோந்தது, எதையோ நக்கியது. இரண்டு நிமிடம்கூட இருக்காது.

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் வாந்தி. அடுத்த நாள் ரத்தமாகப் பேதி. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒன்பதாம் நாள் செத்துப்போனது. பார்வோ வைரஸ் என்றார் கால்நடை மருத்துவர். கூடையில் வரும்போதே அதற்கு இருந்ததா, பஸ் ஸ்டாண்டில் ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இறக்கிவிட்டது என் கைதான். அந்தக் குட்டி பிழைத்திருந்தால் ஐப்பசியில் அதற்கு ஏழு எட்டு மாதம் ஆகியிருக்கும். குரைக்கிற வயது.

பாப்பாவும் அதைக் கணக்குப் போட்டிருந்தாள். ஆறாவது படிக்கிறாள். "அந்தக் குட்டி இருந்திருந்தா கொலைச்சிருக்குமுங்களாப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதோடு விட்டுவிட்டாள்.

முதலில் வேலியை அடைத்தேன். கிளுவைக்கு உள்பக்கம் கம்பிவலை, பட்டியில் ஒரு விளக்கு. அதன் பிறகுதான் மறுபடி நாய் தேட ஆரம்பித்தேன். இந்த முறை யாரிடமும் கையில் வாங்குவதில்லை, தாயைப் பார்த்து, பிறந்த இடத்தைப் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். தெரிந்தவர் ஒருவர் சிப்பிப்பாறையில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். வியாபாரி இல்லை, சம்சாரி. வருடத்துக்கு ஒரு ஈத்துதான் எடுப்பார் என்றார்.

மார்கழி நடுவில் நான் மட்டும் பஸ்ஸில் போனேன். சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில், ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாத்தூர் தாண்டி மேற்கே திரும்பினால் கரிசல் காடுதான். எங்கள் செம்மண், சரளை மண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கறுப்பு ஒரு மாதிரி இருக்கும். உளுந்தும் பாசியும் எடுத்த காடு, மக்காச்சோளம் நிற்கிற காடு, பருத்தி வெடித்த காடு, நடுநடுவே சீமைக்கருவேலம். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தனி அறைகளாக நிற்கும் பட்டாசு ஆலைகள். மழை பெய்தால் அந்த மண் செருப்பைப் பிடித்து இழுக்கும். காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இப்படிப் பரந்து கிடக்கிற, மறைப்பில்லாத காட்டில்தான் முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய் உருவாகியிருக்க முடியும். நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு, குச்சிக் கால், சாட்டை வால். விலா எலும்பு தெரிவதைப் பார்த்து, சோறு போடுவதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் வாகே அதுதான்.

ஊர்ப் பெயரே நாய்க்குப் பெயராகிவிட்ட இடங்கள் தெற்கே மூன்று: ராஜபாளையம், சிப்பிப்பாறை, தேனிப் பக்கத்துக் கோம்பை. கன்னி நாய் மட்டும் ஊர்ப் பெயர் இல்லாதது. கறுப்பு உடம்பில் மூஞ்சியிலும் காலிலும் பழுப்பு விழுந்திருக்கும். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்று அங்கே சொல்கிறார்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல்தலை வந்தது. கர்நாலில் இருக்கிற தேசிய விலங்கின மரபு வள அமைப்பு, காங்கேயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் இனமாகப் பதிவு செய்திருப்பதைப் போலவே ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பதிவு செய்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இந்த நாய்களின் பெயரைச் சொன்ன பிறகு, காரில் வந்து இறங்கி விலை கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்றார் பெரியவர். அவருக்கு அதில் சந்தோஷம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

அவர் வீட்டில் தாய் நாயும் ஐந்து குட்டிகளும் இருந்தன. ஐந்து வாரக் குட்டிகள். நான் விலை கேட்கும் முன்னால் அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

"எதுக்குத் தம்பி நாய்? முயலுக்கா?"

"இல்லீங்க ஐயா. ஆட்டுப்பட்டிக்குங்க."

"முயலுக்குன்னா குடுக்கமாட்டேன். எங்க காலத்துல அடிச்சோம், இல்லங்கல. இப்ப அது குத்தம். நாயைக் கூட்டிட்டுப் போனவன் ஜெயிலுக்குப் போவான், நாய் எங்க போகும்?"

சரிதான். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயல் வேட்டை குற்றம். பிறகு பட்டியைப் பற்றிக் கேட்டார். எத்தனை ஆடு, வேலி என்ன, ராத்திரி யார் படுக்கிறார்கள், நாயைச் சங்கிலியில் கட்டுவேனா, அவிழ்த்துவிடுவேனா. நான் ஐப்பசிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"ஒத்த நாயி ஆறு நாயை அடிச்சு வெரட்டும்னு நெனச்சுக்கிட்டு வந்திருந்தா இப்பவே போயிருங்க. அது உங்கள எழுப்பும். எந்திரிச்சு வர வேண்டியது நீங்க."

இன்னொன்றும் சொன்னார். இது ஓடுவதைத் துரத்துகிற சாதி. ஆட்டுக்குட்டி துள்ளி ஓடினால் இதற்குக் கால் நிற்காது. அதனால் சின்னதிலிருந்தே ஆட்டு வாசத்தில், ஆளின் கண் முன்னால் வளர வேண்டும். ஒரு வயது வரைக்கும் தனியாகப் பட்டிக்குள் விடக்கூடாது. காவலுக்கு மட்டும் என்றால் கோம்பையோ, நல்ல நாட்டு நாயோகூடப் போதும் என்று அவரே சொன்னார். விற்கிறவர் இப்படிச் சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. என் மனதில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்: நாட்டு நாய்க்குட்டி எங்கள் ஊரிலேயே சும்மா கிடைக்கும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாப்பாவுக்குத் தாயைப் பார்த்து வாங்கிய குட்டியாக வேண்டும் என்று ஒரு பிடிவாதம். என் பிடிவாதமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

தாய் என்னைப் பார்த்து ஒரு முறை உறுமியது, பெரியவர் குரல் கேட்டதும் அடங்கிவிட்டது. குட்டிகளுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டச் சொன்னார். எல்லாம் திரும்பிப் பார்த்தன. முழு வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாங்கும்போது இதைப் பார்த்துவிட வேண்டும் என்றார். சித்திரையில் நான் வாங்கிய குட்டியை இப்படிப் பார்த்தேனா என்று யோசித்தேன். ஒன்றுமே பார்க்கவில்லை.

செவலை நிறப் பெட்டை ஒன்று என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டு விடவில்லை. அதைத்தான் எடுத்தேன். அன்றைக்கே தரமாட்டேன் என்றுவிட்டார். எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக்கூடாது என்று 2017 விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் தரமாட்டாராம். தாயிடமும் கூடப்பிறந்ததிடமும் கடி வாங்கித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி படிக்கும் என்பது அவர் கணக்கு.

தை எட்டாம் தேதி குடும்பத்தோடு கிளம்பினோம். மச்சானுடைய பழைய மாருதி ஆம்னி. அதில் பால் கேனும் தீவன மூட்டையும் போய் வரும். முதல் நாளே உள்ளே கழுவித் துடைத்துக் காயவிட்டோம். புளித்த பால் வாசத்தில் மனிதனுக்கே குமட்டும், குட்டிக்குக் கேட்கவேண்டியதில்லை. ஒரு தக்காளிப் பெட்டி எடுத்துக்கொண்டோம், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பிளாஸ்டிக் பெட்டிதான். நாலு பக்கமும் காற்று வரும், கழுவலாம், குட்டி ஏறிக் குதிக்க முடியாத உயரம். அடியில் சாக்கு, மேலே செய்தித்தாள் நாலைந்து அடுக்கு, அதற்கு மேல் என் பழைய வேட்டி. தனியாக ஒரு கட்டுப் பழைய பேப்பர், ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, தண்ணீர், குளுக்கோஸ், துடைக்கத் துணி.

நாலு மணி இருட்டில் கிளம்பி மூலனூர், கள்ளிமந்தையம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர் என்று போய்ச் சேர ஒன்பதரை ஆனது. போனதும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று இருந்தேன். பெரியவர் விடவில்லை. "வெயில் சாயட்டும் தம்பி. அதுக்குள்ள குட்டியும் உங்க வாசத்தப் பழகிக்கிடும்" என்றார். அவர் வீட்டம்மா பாப்பாவைப் பார்த்து, "தாயி, நீ இந்தத் துணிய வச்சு அதோட ஆத்தாளத் தேய்ச்சு எடு" என்று ஒரு பழைய சேலைத் துண்டைக் கொடுத்தார். பாப்பா பயந்து பயந்து தாய் நாயின் வயிற்றிலும் கழுத்திலும் தேய்த்தாள். அந்தத் துணிதான் குட்டியோடு பெட்டியில் வந்தது. அதன் அருமை ராத்திரிதான் தெரிந்தது.

பன்னிரண்டரைக்குக் குட்டிக்குக் கடைசிச் சாப்பாடு. கம்மங்கூழில் மோர் விட்டு, வேகவைத்த முட்டையைப் பிசைந்து. கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், தண்ணீரை நிறுத்தக்கூடாது. பெரிய நாய் மாதிரி நாள் முழுக்கப் பட்டினி போட்டுவிடவும் கூடாது. சின்னக் குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். பிறகு மூன்று மணி வரைக்கும் குட்டிகளை ஒன்றோடொன்று ஓடவிட்டார். களைத்த குட்டி காரில் தூங்கும் என்பது அவர் அனுபவம்.

கொடுக்கும்போது ஒரு அட்டையும் கொடுத்தார். 45-ஆம் நாள் போட்ட முதல் ஊசி, மருத்துவர் கையெழுத்து, மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுத்த தேதிகள். ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, 100 ரூபாயைத் திருப்பிப் பாப்பா கையில் கொடுத்தார். ஒரு வாரத்துக்கான கம்பு மாவையும் கட்டிக் கொடுத்தார், சாப்பாட்டை உடனே மாற்றக்கூடாது என்று.

நாங்கள் கிளம்பும்போது தாய் நாய் தெருமுனை வரைக்கும் வண்டி பின்னால் வந்தது. வீட்டுக்காரி திரும்பியே பார்க்கவில்லை.

பெட்டியை நடு சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தோம், பிரேக் அடித்தால் நகராதபடி. ஒரு பக்கம் பாப்பா, ஒரு பக்கம் அவள் அம்மா. முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது வசதியாகத் தெரியும். திடீர் பிரேக்கில் குட்டி போய் முன்னால் இடிக்கும். ஆம்னியில் முன் சீட்டுக்கு அடியில் இன்ஜின் சூடு வேறு. ஏ.சி. கிடையாது. இரண்டு பக்கக் கண்ணாடியும் பாதி இறக்கம்.

சாத்தூர் வரும் வரைக்கும் ஒரே அழுகை. வைப்பாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மச்சான் காராச்சேவு வாங்க இறங்கினான். "வெள்ளரிக்காயும் வாங்கிக்கங்க மாமா" என்று பாப்பா சொல்லி முடிக்கும் முன்னால் குட்டி அடங்கித் தூங்கிவிட்டது. வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, நாங்கள் மூன்று பேரும் உள்ளேயே இருந்தோம். கண்ணாடி மூடி வெயிலில் நிற்கிற வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே 10 டிகிரி வரைக்கும் சூடு ஏறிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அஞ்சு நிமிட வேலை என்று பூட்டிவிட்டுப் போனவர்கள் பிணத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

விருதுநகர் நெருங்கும்போது பாப்பா, "அப்பா, வாயில எச்சி வடியுதுங்கப்பா" என்றாள். வாந்திக்கு முன்னறிவிப்பு அதுதான். காதுக்குள் இருக்கிற, உடம்பை நிலையாக வைக்கிற உறுப்பு சின்னக் குட்டிக்கு முழுதாக வளர்ந்திருக்காது. வண்டி ஆட்டம் அதற்கு ஊஞ்சல் மாதிரித்தான். மச்சான் ஓரம் கட்டுவதற்குள் எடுத்துவிட்டது. நுரையும் தண்ணியும்தான். வயிறு காலியாக இருந்ததால் அதோடு போயிற்று. மேல் பேப்பரை உருவிச் சுருட்டிப் பையில் போட்டோம், அடியில் சுத்தமான பேப்பர் தயாராக இருந்தது. கால் மணி நேரம் கழித்து ஒரு கரண்டி குளுக்கோஸ் தண்ணீர். மனிதர்களுக்கான வாந்தி மாத்திரையை அளவு தெரியாமல் உடைத்துக் கொடுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டவே வேண்டாம்.

சுங்கச்சாவடியில் பக்கத்து லாரி ஏர் ஹாரன் அடித்தபோது எழுந்து நடுங்கியது. அவள் அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே கையை வைத்தாள். குட்டி அந்தக் கையின் மேல் மூஞ்சியை வைத்துக்கொண்டது. மதுரைப் புறவழிச்சாலையில் வைகையைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொடைரோடு தாண்ட, வலது பக்கம் சிறுமலை கறுத்துவிட்டது.

திண்டுக்கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். இறங்கியதும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடைக்குப் பக்கத்தில் குப்பை, அங்கே மூன்று நாய்கள். குட்டி விழித்துக்கொண்டு பெட்டியைப் பிறாண்டிப் பிறாண்டி அழ ஆரம்பித்தது. கால் மடக்கி உட்காரப் பார்ப்பதும், எழுந்து சுற்றுவதுமாக இருந்தது. அடக்க முடியவில்லை என்று பார்த்தாலே தெரிகிறது.

"பாவம் மாப்ள, ரெண்டு நிமிசம் எறக்கி விட்டுரலாமுங்களா? அந்தப் பக்கம் புல்லுல" என்றான் மச்சான். புல் இருந்தது, பச்சையாக, சுத்தமாகத்தான் தெரிந்தது. எனக்கே கை போயிற்று. நான்கு மாதத் தெருநாய்க்குட்டி ஒன்று அந்தப் புல்லில்தான் படுத்துச் சொறிந்துகொண்டிருந்தது என்பதைப் பாப்பாதான் காட்டினாள்.

சித்திரையில் மருத்துவர் சொன்னது இதுதான். பார்வோ கண்ணுக்குத் தெரியாது, நாயின் சாணத்தில் வரும். சாணம் காய்ந்து மண்ணோடு மண்ணான பிறகும் மாதக்கணக்கில், நிழல் ஈரம் இருந்தால் ஒரு வருடம் வரைக்கும்கூட உயிரோடு கிடக்கும். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வரும். குட்டி, தாயின் சீம்பாலில் வாங்கிய பாதுகாப்பு ஆறாவது வாரத்திலிருந்து குறையத் தொடங்கும். முழுதாகக் குறையாத நேரத்தில் போட்ட ஊசியை அந்தச் சீம்பால் சத்தே தடுத்துவிடும். குறைந்த பிறகு ஊசி போடாவிட்டால் நோய் பிடித்துவிடும். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் குறையும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசி போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பது, ஒரு உழவோடு விதைத்துவிடுகிற மாதிரி. ஆட்டுக்குத் துள்ளுமாரி ஊசி போடுகிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. நாய் என்றால் மட்டும் கவனம் வருவதில்லை.

வண்டியின் பின்பக்கக் கதவைத் திறந்து, உள்ளேயே பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, அதன் மேல் பேப்பர் போட்டோம். வீட்டில் பெட்டிக்குள் அது நனைத்த பழைய பேப்பர் துண்டு ஒன்றையும் அதில் வைத்தாள் அவள் அம்மா. குட்டி இரண்டு சுற்றுச் சுற்றியது, மோந்தது, உட்கார்ந்து போனது. மச்சான் கை தட்டினான். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நாய்க்குட்டிக்குக் கார்லயே கக்கூஸா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

ஒட்டன்சத்திரத்தில் கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகள் ஏற்றிக்கொண்டிருந்தன. எங்கள் பெட்டியைப் போல நூற்றுக்கணக்கான பெட்டிகள். அங்கே ஐந்து நிமிடம் நெரிசல். பிறகு கள்ளிமந்தையம் சாலையில் காற்று குளிர்ந்துவிட்டது, கண்ணாடியை ஏற்றிவிட்டோம். ஒன்பது மணிக்கு வீடு.

பழைய குட்டி கிடந்த திண்ணைக்கு இதை விடவில்லை. சிமெண்ட் தரையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு இரண்டு முறை செய்திருந்தேன். அழுக்கோடு ஊற்றினால் பிளீச்சிங் வேலை செய்யாது. மண் தரையில் அதை நம்ப முடியாது. அதனால் வாசல் மண்ணை அரை அடி வெட்டி அப்புறப்படுத்தினேன். அப்படியும் மனசு ஒப்பாமல், தீவன அறைக்குப் பக்கத்துச் சிமெண்ட் அறையைக் குட்டிக்குக் கொடுத்தோம். செருப்பு வெளியே.

முதல் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் அழுகை. சேலைத் துண்டைப் பெட்டியில் வைத்து, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். துணிக்குள் தலையை நுழைத்துத் தூங்கிவிட்டது.

நான்காம் நாள் காலையில் பேதி. எனக்குக் கை கால் ஓடவில்லை. பாப்பா பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பெட்டியோடு மருத்துவரிடம் ஓடினேன். சோதனைக் கிட்டில் பார்த்தார், பார்வோ இல்லை. "புதுசா என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வீட்டுக்கு வந்து விசாரித்தால், எங்கள் ஆத்தா, "பச்சக் கொளந்தைக்குப் பாலு குடுக்காம என்னத்த வளத்தறீங்க?" என்று முதல் நாள் சாயங்காலம் ஒரு கிண்ணம் எருமைப் பால் ஊற்றியிருக்கிறது. திட்டவும் முடியவில்லை. கம்மங்கூழும் மோருமாக இரண்டு நாளில் சரியாயிற்று.

அதே வாரம் பல் முளைக்கிற வேகத்தில் பாப்பாவின் விரலைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான், குட்டிக்கு ரேபிஸ் ஊசி போடுகிற வயது, மூன்று மாதம், இன்னும் ஆகவில்லை. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஊசி இலவசம். "வீட்டு நாய்தானுங்களே" என்று வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் பதில் சொல்லவில்லை.

உண்ணி மருந்து பற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார், அதனால் இங்கேயும் சொல்கிறேன். மாட்டுக்குத் தெளிக்கிற மருந்தை அதே கலவையில் குட்டிக்குத் தடவக்கூடாது, ஆட்டுக்குப் போடுகிற பூச்சி ஊசியைக் கண்ணளவில் போடக்கூடாது. இரண்டிலும் குட்டிகள் செத்திருக்கின்றன. எடை போட்டு, மருத்துவர் சொல்கிற அளவுதான்.

இரண்டாவது ஊசி தை 24-ல் முடிந்தது. இப்போது மாசி. காலையில் ஆடுகளைக் கொறங்காட்டுக்கு ஓட்டும் முன்னால், அரைமணி நேரம் பெட்டியைப் பட்டிக் கம்பிவலை ஓரம் வைக்கிறேன். அதற்கென்று போட்ட கடப்பாக்கல் பலகையின் மேல்தான், மண்ணில் இல்லை. ஆட்டுக்குட்டிகள் வந்து மோந்துவிட்டுத் தும்முகின்றன. இவள் முதலில் வால் சுருட்டிக்கொண்டாள். இப்போது பெட்டி விளிம்பில் முன்னங்காலை ஊன்றி நின்று பார்க்கிறாள். ஒரு குட்டி துள்ளினால் இவள் உடம்பு முழுக்க விறைக்கிறது. அப்போது "ம்" என்று ஒரு சத்தம் கொடுக்கிறேன், என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். பார்த்தால் ஒரு துண்டு முட்டை.

பாப்பா செவலை என்றே பெயர் வைத்துவிட்டாள். காலண்டரில் மாசி 12-ல் ரேபிஸ் ஊசி, பங்குனி முதல் வாரத்தில் கடைசி ஊசி என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாள். அதுவரைக்கும் வாசல் தாண்டுவதில்லை. போன வாரம் ராத்திரி ஒரு மணிக்குத் தீவன அறையிலிருந்து மெல்லிய குரலில் இரண்டு குரைப்பு கேட்டது. டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். கம்பிவலைக்கு வெளியே ஒரு கீரிப்பிள்ளை நின்றிருந்தது. வெளிச்சம் பட்டதும் போய்விட்டது. பட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.